வன்தட்டை நம்பலாமா?

பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்கு, திருமணப் படங்கள் ஆகியவற்றைக் கணினியில் பதிந்து வைக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. வீட்டார் அனைவரின் கைப்பேசிகளிலும் உள்ளவற்றை ஒரே பெட்டியில் சேர்த்து வைக்கும் வசதியும் வந்துவிட்டது. அப்பெட்டியின் உயிர்நாடி வன்தட்டு எனப்படும் ஹார்ட் டிஸ்க் ஆகும்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டுக் கருவி, 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கியது. இன்றோ, உள்ளங்கையளவு கருவி அதனினும் பத்து இலட்சம் மடங்கு தாங்குகிறது.

வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கிறது. ஆகவே அதிர்ச்சியும் மிகுவெப்பமும் அதற்குப் பகை. எஸ்.எஸ்.டி. எனும் கருவியில் சுழலும் உறுப்பு இல்லை. அது விரைவானது, அதிர்ச்சியையும் தாங்கும். ஆயினும் அதில் எழுதி அழிப்பதற்கு ஓர் எல்லை உண்டு, விலையும் கூடுதல்.

ஒரே பெட்டியில் இரு வன்தட்டுகளை இணைத்து, ஒரே செய்தியை இரண்டிலும் பதியச் செய்யலாம். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று காக்கும். ஆனால், தவறுதலாக அழித்த படம் இரண்டிலுமே அழிந்துவிடும். மின்னல் தாக்கினால் இரண்டும் ஒருசேரக் கெடக்கூடும்.

எனவே, தனியாக மற்றொரு படியெடுத்து உறவினர் இல்லத்தில் வைத்தல் வேண்டும். அது திறக்கின்றதா என அவ்வப்போது சோதித்தலும் வேண்டும். மூலப் பத்திரங்களையும் பத்திரமாகப் பாதுகாத்திடுக.