படிக்கலாம், எழுத மட்டும் முடியாது!

விக்கிப்பீடியாவில் யானையைப் பற்றியோ ராக்கெட்டைப் பற்றியோ தேடிப் படித்திருப்பீர்கள். அந்தக் கட்டுரைகள் 2004 முதல், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் இருந்த சர்வர்களில்தான், அதாவது தளத்தைச் சேமித்து வழங்கும் கணினிகளில்தான், முதன்மையாக இருந்தன. அது புயல் வீசும் பகுதி. இணைய இணைப்பு வசதியும் இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது. எனவே 2013 ஜனவரியில், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஷ்பர்ன் என்ற ஊருக்கு முதன்மைப் பணியை மாற்றினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் கூடவே போனது.

பழைய சர்வர்களையே லாரியில் ஏற்றி இறக்கினால் அதுவரை தளம் மூடிக்கிடக்குமே! அதனால் புதிய இடத்தில் வேறு சர்வர்களை நிறுத்தி, எல்லாவற்றையும் நகலெடுப்பார்கள்.

படக் கோப்புகளை நகலெடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை; நேரம்தான் பிடிக்கும். கட்டுரைகளும் திருத்தங்களும் பதிவாகும் தரவுத்தளம்தான் பாடாய்ப் படுத்தும். நீங்கள் நகலெடுத்துக் கொண்டிருக்கும்போதே எங்கோ ஒருவர் ஒரு வரியைத் திருத்திவிடுவார். அந்த நொடியே நகல் பழசாகிவிடும்.

இதற்கு ஓர் அருமையான வழி உண்டு. பழைய சர்வர் தன்னிடம் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை தவறாமல் குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பைப் புதிய சர்வர் வாங்கி, அதே மாற்றங்களை அதே வரிசையில் தானும் செய்கிறது. சில நொடிகள் பின்தங்கினாலும் விடாமல் தொடர்கிறது. கடைசியில் பழைய சர்வரில் எழுதுவதைச் சற்று நேரம் நிறுத்துவார்கள். அப்போதும் படிக்கலாம். கடைசி மாற்றமும் வந்து சேர்ந்ததும் புதிய சர்வர் பொறுப்பேற்கும்.

நம் மொழிக்கு இதில் ஒரு தனிக் கவனம் தேவை. 'அ' என்ற எழுத்தைக் கணினி 224, 174, 133 என்று மூன்று எண்களாகச் சேமிக்கிறது. 'அம்மா' என்ற சொல்லுக்கு 15 எண்கள்! இவை, எழுத்துகளை எண்களாக்கும் யூ.டி.எஃப்.-8 முறைப்படி எழுதியவை என்பதைப் புதிய சர்வருக்குச் சரியாகச் சொல்லாவிட்டால், ஒவ்வோர் எண்ணையும் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு புரியாத குறிகளைக் கொட்டிவிடும். அதனால் தமிழ்த் தளத்தை மாற்றுபவர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டியது தமிழ்ப் பக்கத்தைத்தான்.

கோப்புகள் பழுதில்லாமல் வந்தனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளமாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அடையாளம் வந்தால் நகல் சரி.

பிறகு, தளத்தின் பெயரைத் தேடி வருபவர்களுக்குப் புதிய சர்வரின் முகவரியான ஐ.பி. எண்ணைத் தரச் செய்வார்கள். பழைய எண்ணைச் சில கணினிகள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். ஆகவே பழைய சர்வரை உடனே அணைப்பது தவறு.

விக்கிப்பீடியா இப்போது ஆண்டுக்கு இரு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், சர்வர்கள் இருக்கும் இரண்டு தரவு மையங்களுக்கிடையே முதன்மைப் பொறுப்பை மாற்றிப் பார்க்கிறது. எழுதுவது நிற்பது சில நிமிடங்களே. இந்தப் பயிற்சி வீண் அல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வேறொரு நிறுவனத்தின் தரவு மையம் தீயில் எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காதவர்களின் தகவல்கள் திரும்பவே இல்லை.

உங்கள் பள்ளிக்கு இணையதளம் இருக்கிறதா? அதன் நகல் வேறு எங்கே இருக்கிறது என்று கணினி ஆசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள்.