புள்ளி பெருக்கும் கருவிகள்

பழைய தட்டிற் பதிந்த படத்தைப் புதிய பெருந்திரையில் தெளிவாகக் காட்டுவன என்று சொல்லித் தட்டு இயக்கிகளும், இல்லத் திரையரங்கிற்குரிய ரிசீவர்களும் விற்கப்படுகின்றன. அவை செய்வது யாது, அவற்றால் இயலாதது யாது என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

திரையிற் காணும் படம் நிறப்புள்ளிகளின் தொகுதியே. நம் நாட்டு முறையில் அமைந்த டிவிடி தட்டின் படமொன்றில், குறுக்கே 720, நெடுக்கே 576 ஆக 4,14,720 புள்ளிகள் உள. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையிலோ 20,73,600 புள்ளிகள் உள. இது முன்னதின் ஐந்து மடங்கு. ஆதலின், திரை முழுதும் நிரப்புங்கால் ஐந்தில் நான்கு பங்கைக் கருவியே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். அண்டைப் புள்ளிகளின் நிறத்தையும் ஒளியையும் நோக்கி, இடையில் இன்னது இருத்தல் கூடும் எனக் கணித்து அது நிரப்புகின்றது.

மேலும், தட்டுக்கள் பலவற்றில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் நொடிக்கு 50 அரைப்படங்களாக மாறி மாறி வருகின்றன. அவற்றை இணைத்து முழுப்படமாக்குதலும் இக்கருவியின் தொழில். இணைப்புப் பிழைப்பின், ஓடுவான் உருவின் விளிம்பு சீப்பின் பற்கள்போற் பிளவுபடும். ரிசீவர் சில, வீடியோ நாடா இயக்கியிலிருந்து மஞ்சட் கம்பிவழி வரும் பழைய மின்குறியையும் எண்குறியாக மாற்றி, எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்றினாலேயே தொலைக்காட்சிக்குச் செலுத்தும். இயக்கி, ரிசீவர், தொலைக்காட்சி மூன்றும் இத்தொழில் வல்லனவாயின், ஒவ்வொன்றாகச் சோதித்துச் சிறந்த ஒன்றனுக்கே அதனை விடுத்தல் நன்று.

இனி, இந்நிரப்புதல் மீட்டலாகுமோ? தமிழ் பயில்வார்க்கு விடை எளிது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபொழுது 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. சிதைந்த அடிகளும் பல. அவற்றைத் தம் புலமையால் இயற்றி நிரப்பாது, குறையைக் குறையென்றே காட்டினார். கருவியோ குறையை மூடுகின்றது. காட்சி இனிதாகும் என்பது மெய்யே. ஆயின் தட்டிற் பதியாத முகக்குறிப்பு அதனால் மீண்டு வாராது. செயற்கை நுண்ணறிவு கொண்டு நிரப்பினும், அது பிற படங்களிற் கற்ற ஊகமேயன்றி அம்முகமே ஆகாது.

எம் தொண்டி போன்ற கடற்கரை ஊர்களில் இவ்வுண்மை பெரிதும் கருதத்தக்கது. மணவிழாக்களைப் பதித்த வீடியோ நாடாக்கள் இல்லந்தோறும் பேழைகளில் உறங்குகின்றன. ஈரக்காற்றால் அவற்றிற் பூஞ்சை படரும். மறைந்த முதியோர் பலரின் நடையும் நகையும் அந்நாடாக்களிலன்றி வேறெங்கும் இல்லை. நாளை இன்னும் நல்ல கருவி வரும் என்று வாளாவிருத்தல் தகாது. மூலம் அழிந்தபின் கருவி எதனைப் பெருக்கும்? 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றும் இன்று கிடைத்திலது; எத்துணைச் சிறந்த கருவியும் அதனை நமக்குக் காட்டமாட்டாது. ஆதலின், நாடாக்களை உலர்ந்த இடத்தில் வைத்து, பூஞ்சை படர்ந்தவற்றை இயக்கியில் இடாது, தக்காரைக்கொண்டு விரைவிற் பிரதி எடுத்து, மூலத்தையும் எறியாது காத்தல் நம் கடனாம்.