திரை தெரியாவிட்டாலும் கட்டளை கேட்கும்

கேலாங்கில் உள்ள அல்ஜூனிட் எம்ஆர்டி நிலையத்துக்குள் போகும்போது தரையைக் கவனித்திருக்கிறீர்களா? மேடான நீளக் கோடுகள் இருந்தால் 'நேராகப் போகலாம்' என்று பொருள். உருண்டைப் புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி' என்று பொருள். பார்வையற்றோர் கைத்தடியாலும் காலாலும் படிக்கும் எழுத்து இது. கணினிக்குள்ளும் இப்படி ஒரு பாதை உண்டு. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

பார்வையற்ற ஒருவர் கணினியைக் காதால் இயக்குகிறார். திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். விண்டோஸில் இயங்கும் 'என்விடிஏ' அவற்றுள் ஒன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் இதைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவரே. இந்த மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. இது தமிழையும் வாசிக்கும்.

ஆனால் திரைவாசிப்பானுக்குப் படங்களோடு எப்போதும் சிக்கல்தான். பெயர் எழுதப்படாத ஒரு படப் பொத்தானை அது வெறும் 'பொத்தான்' என்று மட்டுமே சொல்லும். எதற்கான பொத்தான் என்று கேட்பவருக்குத் தெரியாது. கட்டளை வரியில் அந்தத் தொல்லை குறைவு. நாம் சொற்களைத் தட்டச்சு செய்கிறோம். கணினியும் சொற்களிலேயே பதில் தருகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. கண் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து வேண்டிய இடத்துக்குத் தாவும். காது வரிசையாகத்தான் கேட்க முடியும். 5,000 நூல்கள் கொண்ட ஒரு நூலகப் பட்டியலில் விண்வெளி நூல்களைத் தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கேட்டு முடிக்க மணிக்கணக்காகும். லினக்ஸில் உள்ள 'கிரெப்' என்ற கருவியிடம் 'விண்வெளி' என்று சொன்னால், அந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தரும். அந்த வரிகளை இன்னொரு கருவிக்கு அனுப்பி எண்ணவும் சொல்லலாம். ஒரு கருவியின் விடையை அடுத்த கருவிக்குக் கொடுக்கும் இந்த முறைக்குக் 'குழாய்' என்று பெயர். 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் வந்தது அது. பார்வையுள்ளவருக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும். காதால் படிப்பவருக்கோ கண்ணின் தாவலுக்கு ஈடான வசதி இது.

இங்கேதான் ஒரு தடை வருகிறது. நிரல் எழுதப் பழகுபவர்களுக்குத் தேவையான பல கருவிகள் லினக்ஸைச் சேர்ந்தவை. மாணவருக்குப் பழகிய குரலும் விசைகளும் விண்டோஸில் இருக்கின்றன. ஒரே கணினியில் இரண்டையும் நிறுவி மாறி மாறிப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கணினி கேட்கும்போது எந்தத் திரைவாசிப்பானும் இன்னும் இயங்கத் தொடங்கியிருக்காது. சரி, விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியைத் திறந்தால்? அதன் திரை முழுவதும் வெளியே உள்ள திரைவாசிப்பானுக்கு ஒரு படமாகவே தோன்றும்.

1995இல் வந்த 'சிக்வின்' என்ற தொகுப்பு, இத்தகைய கருவிகளை விண்டோஸுக்கு ஏற்ப மாற்றித் தந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி முன்னே போய், 'விண்டோஸுக்கான லினக்ஸ் துணை அமைப்பு' என்பதை அறிமுகப்படுத்தியது. அதன் முதல் பதிப்பு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போல வேலை செய்தது. லினக்ஸ் நிரல் 'இந்தக் கோப்பைத் திற' என்று கேட்டால், அதை விண்டோஸுக்குப் புரியும் கோரிக்கையாக மாற்றியது. 2019இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே பின்னணியில் இயங்குகிறது.

அப்படியானால் இதுவும் ஒரு மெய்நிகர் கணினிதானே? ஆம். ஆனால் விடை படமாக வருவதில்லை. வழக்கமான விண்டோஸ் சாளரத்தில் எழுத்தாக வருகிறது. அதனால் என்விடிஏ அதை வாசித்துவிடும். விடை நீளமாக இருந்தால் ஒரு கோப்பில் சேமித்து, நோட்பேடில் திறந்து நிதானமாகக் கேட்கலாம். பழகிய குரலை விட்டு மாறாமலேயே புதிய கருவிகளைக் கற்கலாம்.

எழுத்தாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கட்டங்களாக அடுக்கிய ஒரு நாள்காட்டியை வரிவரியாக வாசித்தால் எண்கள்தான் காதில் விழும். எந்தத் தேதி என்ன கிழமை என்று புரியாது. புனேயில் பிறந்து, 14 வயதில் பார்வையை இழந்த டி. வி. ராமன் இதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர். மும்பை ஐஐடியில் படித்து, 1994இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் காதுக்குப் புரியும்படி சொல்லும் முறையே அவரது ஆய்வு. அடுத்த ஆண்டு 'ஈமேக்ஸ்பீக்' என்ற மென்பொருளை வெளியிட்டார். திரையில் உள்ளதை அப்படியே ஒப்பிக்காமல், அதன் பொருளைச் சொல்வது அதன் சிறப்பு.

மாணவர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் ஆகிய 3 விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'நரேட்டர்' என்ற திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். கண்களை மூடிக்கொண்டு ஒரு கோப்பைத் தேடித் திறந்து பாருங்கள். அதே விசைகளை மீண்டும் அழுத்தினால் குரல் நின்றுவிடும்.

நாளை நீங்கள் ஒரு நிரல் எழுதும்போது, பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். 'பிழை: கோப்பு இல்லை' என்று சொல்லாகவும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், திரையைப் பார்க்க முடியாதவரும் தவறைத் தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வார்.