பிராண்டு விழாவுல கொடுத்த போனுக்கு வரி உண்டா?

கெடார்ல புது பேக்கரி திறந்தா டீயும் பன்னும் சும்மா கிடைக்கும். அதுக்கு வரிக் கவலை இல்ல. ஆனா வேலை பார்த்துக்கிட்டே ஃபுட் ரீல்ஸ் போடுறவங்களைச் சில உணவு, குளிர்பான பிராண்டுகள் அறிமுக விழாவுக்குக் கூப்பிட்டு போனே கொடுக்கிறாங்க. அது அன்பளிப்பு இல்லங்க, உங்க தொழில் வருமானம்.

2022 ஜூலை 1-ல் வந்த 194ஆர் விதிப்படி, ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் தர்றது ₹20,000-ஐத் தாண்டினா 10% டிடிஎஸ். போன்ல இருந்து பணத்தை எப்படிப் பிடிக்கிறது? அதனால ₹60,000 போனுக்கு ₹6,000-ஐ உங்ககிட்டயே கட்டச் சொல்லலாம். நீங்க 30% வரம்புல இருந்தா மொத்த வரி ₹18,000, செஸ் தனி. ரீல்ஸ் எடுத்துட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டா இது எதுவும் கிடையாது. (பலருக்கு இது தெரியறதே இல்ல!)

₹20,000-க்குள்ள இருந்தா டிடிஎஸ் மட்டும்தான் இல்ல. வருமானமா காட்டியே ஆகணும். இதுக்கு ஐடிஆர்-1 செல்லாது. தாக்கல் பண்றதுக்கு முன்னாடி 26ஏஎஸ்-ஐ ஒருமுறை திறந்து பாருங்க.