நிருவாகியின் வளர்ப்பும் நிறுவனத்தின் கணக்கும்

ஒரு நிறுவனம் கடன் வாங்கலாமா, வேண்டாமா என்பதை எண்களே முடிவு செய்கின்றன என்று எண்ணுகிறோம். நிருவாகி வளர்ந்த வளர்ப்புக்கும் அதில் பங்குண்டு.

இங்கிலாந்தின் குவேக்கர் கிறித்தவர்களைப் பாருங்கள்! கடனைத் தீர்க்க இயலாமல் நொடித்துப் போனவரை அவர்கள் சபையே விலக்கி வைத்தது. நம் ஊர்விலக்குப் போலத்தான். ஆகவே கையை மீறிக் கடன்படுவது அவர்களுக்கு மானப் பிரச்சினை. அந்த நாணயத்தை நம்பியே மக்கள் பணத்தை ஒப்படைத்தனர். பார்க்லேஸ் வங்கி அவர்கள் தொடங்கியதே.

குவேக்கரான ஜான் காட்பரி மதுவுக்கு மாற்றாக 1824இல் பர்மிங்காமில் தேநீரும் கொக்கோவும் விற்றார். அவர் மைந்தர் 1879இல் ஆலையை நகருக்கு வெளியே கொண்டுபோயினர். பின்னர் அங்கே தோட்டத்துடன் வீடுகளும் எழுந்தன. ஈகை மட்டுமா? நலமாக வாழ்பவன் நன்கு உழைப்பான் என்ற கணக்கும் உண்டு என்பேன். 2010இல் காட்பரியை அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனம் வாங்கியது, பெருங்கடன் பெற்று!