பல்லில் அடைத்த மருந்து கரையுமா?



சென்ற மாதம் காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் அம்மா ஒருவர் கன்னம் வீங்கி என்னிடம் வந்தார். "ஐயா, பல்லுல அடைச்ச மருந்து கரைஞ்சு போச்சுங்க. டாக்டரு சரியா அடைக்கல போல" என்றார். கிளினிக் கார்டை வாங்கிப் பார்த்தேன். மறுபடி வரச் சொன்ன தேதி போய் நாலு மாதம் ஆகியிருந்தது. "வலி நின்னுடுச்சு, ஒரு நாள் சம்பளம் போகுமேன்னு போகலைங்க" என்றார். கடைசியில் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்படி ஆகிவிட்டது.

டாக்டர் மேல் தப்பில்லை. அவர் வைத்தது தற்காலிக அடைப்பு. அது கரையத்தான் செய்யும்.

நம் வாய் எந்நேரமும் ஈரமாக இருக்கும் இடம். அடைத்த மருந்துக்குள் எச்சில் தண்ணீர் ஊறுகிறது. மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எந்த மருந்து எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம்.

தற்காலிக அடைப்பில் ஒரு வகை, சிங்க் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளைக் கிராம்புத் தைலச் சத்தோடு குழைத்தது. வாயில் கிராம்பு வாசம் வருவது இதனால்தான். தண்ணீர் பட்டுப் பட்டு அந்தச் சத்து பிரிந்து போகும். மிச்சம் பொடியாக உதிரும். ஓரத்தில் இடுக்கு விழுந்தால் கிருமி உள்ளே போய்விடும். வெளியே வலி தெரியாது. உள்ளே சொத்தை நரம்பு வரைக்கும் இறங்கிவிடும்.

அடுத்தது கண்ணாடித் தூளையும் ஒருவகை அமிலத்தையும் கலந்து செய்யும் சிமெண்டு. லண்டன் ஆய்வுக்கூடத்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கி, 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. இது முழுசாக இறுக ஒரு நாளுக்கு மேல் ஆகும். மங்கில் பால் உறையுமுன் மழை கொட்டினால் என்னாகும் என்று பால்மரம் சீவிய மூத்தவர்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். இறுகுமுன் தண்ணீர் பட்டால், இறுக்கிப் பிடிக்கும் சத்து கழுவிக்கொண்டு போய், மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் டாக்டர் மேலே வாசலினோ வார்னிஷோ தடவி விடுகிறார். அதை விரலால் துடைக்காதீர்கள்.

நீல விளக்கு காட்டி இறுக்கும் பல் நிறப் பசை வேறு வகை. இதுவும் தண்ணீரை உறிஞ்சும், ஆனால் கொஞ்சம்தான். 37 டிகிரி சூட்டில் 7 நாள் தண்ணீரில் போட்டால், ஒரு கன சென்டிமீட்டர் பசை 40 மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சக் கூடாது, 7.5 மில்லிகிராமுக்கு மேல் கரையக் கூடாது என்பது அனைத்துலகத் தர விதி.

பழைய வெள்ளி அடைப்பில் தண்ணீர் ஊறாது. ஆனால் அதில் பாதரசம் இருப்பதால், 2013-இல் ஏற்பட்ட மினமாத்தா ஒப்பந்தத்தின் வழி உலக நாடுகள் அதைக் குறைத்து வருகின்றன.

நாம் செய்ய வேண்டியது என்ன?

அடைத்ததும், "டாக்டர், இது தற்காலிகமா, நிரந்தரமா?" என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் சாப்பிடக் கூடாது என்றும் கேட்டு, அதன்படி நடங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் முறுக்கு, பாக்கு கடிக்க வேண்டாம். கலர் தண்ணீரிலும் கோலாவிலும் உள்ள புளிப்பு, சிமெண்டை வெறும் தண்ணீரைவிடச் சீக்கிரம் கரைக்கும், அடிக்கடி குடிக்காதீர்கள். நாக்கில் சொரசொரப்பாகப் பட்டாலோ, சாப்பாடு சிக்கினாலோ, ஐஸ் தண்ணீருக்குச் சுரீர் என்றாலோ, வலி வருமுன்னே போய்க் காட்டுங்கள்.

சம்பளம் போகுமே என்ற பயமா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பல் டாக்டர் தரும் எம்.சி.க்கும் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். மறுத்தால் சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். கார்டில் எழுதிய தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.