தார் காய்வதற்குள் தோண்டுவது ஏன்? ‘கேட்டுவிட்டுத் தோண்டு’ என்கிறது மென்பொருள்!

“இப்பத்தான் ரோடு போட்டாங்க... அதுக்குள்ள தோண்டிட்டாங்களே!”

இந்தப் புலம்பல் கேட்காத தெரு தமிழ்நாட்டில் இருக்கிறதா? சென்னை என்றால் மெட்ரோ வாட்டர், மின்வாரியம், டெலிபோன் கேபிள் என்று வரிசை கட்டி வருவார்கள். தென்காசி மாவட்டம் குருவிகுளம் மாதிரி கரிசல் ஊர்களில் வரிசை சின்னது, கதை அதேதான். குடிநீர்க் குழாய்க்கு ஒரு பள்ளம், கழிவுநீர் வாய்க்காலுக்கு ஒரு பள்ளம், இன்டர்நெட் கேபிளுக்கு இன்னொரு பள்ளம்.

தோண்டுகிறவர்கள் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. குழாய் வேண்டும், கேபிளும் வேண்டும். ஒருவர் தோண்டப்போவது மற்றவருக்குத் தெரியாததுதான் சிக்கல். அதைத் தீர்க்கத்தான் உலகம் முழுக்க நகர நிர்வாகங்கள் ‘தெரு அனுமதி’ மென்பொருள்களைக் கொண்டுவந்திருக்கின்றன.

மென்பொருள் என்ன செய்யும்?

நம் ஊரில் சாலைக்கு ஒரே முதலாளி கிடையாது. ஊருக்குள் இருக்கும் தெரு ஊராட்சியுடையது. ஊர்களை இணைக்கும் சாலை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்துடையது. பஸ் ஓடும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. சங்கரன்கோவிலுக்குள் நுழைந்தால் நகராட்சி. ஒரே கேபிள் இந்த நான்கையும் தாண்டிப் போக வேண்டுமென்றால், நான்கு அலுவலகங்களில் நான்கு மனுக்கள்.

மென்பொருள் இருந்தால், தோண்ட விரும்புகிறவர் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து, எந்த இடத்தில், எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அடி ஆழம், எந்தத் தேதியில் என்று கோடு போட்டுக் காட்டுவார். அந்த மனு சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளுக்கும் போகும். அதே தெருவில் அடுத்த மாதம் புது ரோடு போடத் திட்டம் இருந்தால், “முதலில் குழாய், பிறகு தார்” என்று வரிசையை மாற்றலாம். சாலையைச் சீரமைக்கும் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். வேலை முடிந்ததும் போட்டோ ஏற்றச் சொல்லலாம்.

திருவிழாப் பந்தல், கட்டட வேலைக்குக் கொட்டும் மணல், ஜல்லி என்று தெருவைத் தற்காலிகமாக அடைக்கும் எல்லாவற்றையும் இதே முறையில் பதிவு செய்யும் நகரங்கள் உண்டு. ஆம்புலன்ஸ் எந்த வழியில் போக முடியாது என்பது அப்போது முன்பே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் 2020 ஜூலை முதல் ‘ஸ்ட்ரீட் மேனேஜர்’ என்ற ஒரே அரசு மென்பொருளில்தான் சாலைப் பணிகள் பதிவாகின்றன. நம் பக்கத்தில் பெங்களூரு மாநகராட்சி, பல துறைகளும் ஒரே வாசல் வழியாகச் சாலை வெட்ட அனுமதி கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. சென்னையிலோ, வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலை வெட்டுகளுக்கு மாநகராட்சி தடை போடுவது வழக்கம்.

சிகாகோவை மூழ்கடித்த கம்பம்

கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் குத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1991-ல் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக்குள் மரக் கம்பங்களை இறக்கினார்கள். அதற்கு அடியில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரக்கு ரயிலுக்காகத் தோண்டிய சுரங்கம் இருந்தது. கம்பம் அதன் சுவரைச் சேதப்படுத்தியது. கசிவு சில மாதங்கள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டும், சரிசெய்வது தாமதமானது. 1992 ஏப்ரல் 13 அன்று சுவர் உடைந்து, ஆற்று நீர் சுரங்கம் வழியாக நகர மையத்துக் கட்டடங்களின் அடித்தளங்களுக்குள் புகுந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டு, அலுவலகங்கள் காலி செய்யப்பட்டன. நஷ்டம் சுமார் 100 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

இப்போது அமெரிக்காவில் தோட்டத்தில் வேலிக்கால் நடுவதானாலும் 811 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டுத்தான் தோண்ட வேண்டும். 2007-ல் நாடு முழுக்க வந்த எண் இது.

நம் நாட்டுக்கும் ஒரு ஆப்

நம் நாட்டில் ‘கால் பிஃபோர் யூ டிக்’, அதாவது ‘தோண்டும் முன் அழையுங்கள்’ என்ற ஆப் 2023 மார்ச் 22 அன்று தொடங்கப்பட்டது. முன்யோசனை இல்லாத தோண்டலால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய அரசு அப்போது சொன்னது.

தோண்டப்போகும் இடத்தை ஆப்பில் குறித்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். “எங்கள் லைன் இங்கே போகிறது, பார்த்துத் தோண்டுங்கள்” என்று அவர்கள் சொல்லலாம்.

இதற்கு முன்பே, 2022 மே மாதம், ‘கதிசக்தி சஞ்சார்’ என்ற இணையதளம் வந்தது. செல்போன் கோபுரம், கேபிள் ஆகியவற்றுக்கான அனுமதியை ஒரே இடத்தில் கேட்பதற்கானது அது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் நடக்கிறது. ஆக, இந்த அனுமதி விவகாரம் குருவிகுளத்து மந்தை வரைக்கும் வந்துவிட்டது.

இதில் ஊராட்சிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொலைத்தொடர்பு கேபிள் பதிக்க மனு வந்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள் அனுமதிக்கவோ மறுக்கவோ வேண்டும். 2016-ல் வந்த விதிகளில் இது 60 நாளாக இருந்தது. பதிலே சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். மனு வந்ததை அலுவலகத்தில் யாரும் பார்க்காமல் விட்டால், “பள்ளத்தை இப்படி மூடு” என்று நிபந்தனை போடும் வாய்ப்பும் போய்விடும். கம்ப்யூட்டரில் வரும் மனுவைப் பார்க்க ஆள் வேண்டும்!

வரைபடத்தில் இல்லாத குழாய்

எந்த மென்பொருளும் அதில் ஏற்றியதைத்தான் காட்டும். பல கிராமங்களில் குடிநீர்க் குழாயின் வரைபடம் எங்கே இருக்கிறது தெரியுமா? டேங்க் ஆபரேட்டரின் தலைக்குள்! “வேப்பமரத்துக்கு நாலடி தள்ளி வால்வு, அங்கிருந்து கோயில் பக்கம் திரும்புது” என்று அவர்தான் சொல்லுவார். அவர் வேலையை விட்டுப் போனால் வரைபடமும் போய்விடும்.

அப்புறம் ஜே.சி.பி.யின் வாளிதான் குழாயைக் கண்டுபிடிக்கும். உடைந்தால் தண்ணீர் வீணாவது மட்டுமல்ல. நம் ஊர்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் நின்று அழுத்தம் குறையும் நேரத்தில், உடைப்பு வழியாகச் சாக்கடை நீர் உள்ளே போகும். அடுத்த முறை அதே தண்ணீர்தான் வீட்டுக் குடத்துக்கு வரும். வயிற்றுப்போக்கு முதலில் வாட்டுவது குழந்தைகளையும் முதியவர்களையும்தான்.

கரிசல் மண்ணுக்குத் தனிக் கவனம்

கரிசல் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தோண்டிய கட்டியையே திரும்பத் தள்ளி மூடினால், முதல் மழையிலேயே உள்வாங்கும். இரவில் பைக்கில் வருகிறவருக்கு மழைநீர் நின்ற பள்ளமும் ரோடும் ஒன்றாகத்தான் தெரியும். மணலோ கிராவலோ போட்டு, அடுக்கடுக்காகத் திமிசு கொடுத்து, அதற்கு மேல்தான் தாரோ சிமென்டோ போட வேண்டும். அனுமதிச் சீட்டில் இந்த ஒரு வரி இருந்தாலே பாதி விபத்துகள் குறையும்.

நாம் என்ன செய்யலாம்?

* வாசலில் தோண்ட வந்தால், “யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், எப்போது மூடுவீர்கள்?” என்று கேளுங்கள். கேட்பது சண்டை இல்லை, உரிமை.
* மூடும் முன் குழாயையும் கேபிளையும் செல்போனில் போட்டோ எடுங்கள். லொகேஷனை ஆன் செய்துவிட்டு எடுத்தால் இடமும் சேர்ந்து பதிவாகும். ஊராட்சிச் செயலரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.
* கிராம சபையில், தெருவாரியாகக் குழாய் வரைபடம் தயாரிக்கத் தீர்மானம் கேளுங்கள். டேங்க் ஆபரேட்டரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்தால் சில நாட்களில் முடிகிற வேலை.
* நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் பள்ளம் என்றால் ‘நம்ம சாலை’ ஆப்பில் போட்டோவுடன் புகார் செய்யலாம். மற்றவற்றுக்கு முதல்வரின் உதவி எண் 1100.
* அனுமதி நகல் வேண்டுமா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.
* உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தெருவில் பந்தல் போட்டால், ஆம்புலன்ஸ் போக வழி விடுங்கள். ரோட்டில் கம்பி அடித்துக் குழி போடாதீர்கள்.

புது ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எப்போ போடுவீங்க?” அல்ல. “அடியில் போட வேண்டியதெல்லாம் போட்டாச்சா?”